பன்னிரண்டு மணித்தியாலச் சம்மதம்

ஜெர்மன் தலைநகரின் நொய்கெல்ன் பகுதியில், இராசலிங்கத்தின் பேக்கரியில் பதினேழு வருசமாக மா குழைக்கிறாள் தக்சாயினி. அவளுடைய இடது கை இப்போது தோளுக்கு மேலே உயராது.

ஞாயிற்றுக்கிழமை, சட்டம் படிக்கிற மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே ஒரு பழைய அமெரிக்கத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னாள். நியூயார்க்கில் பேக்கரித் தொழிலாளர்களை நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்ததாம். 1905இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டதாம். கூடுதல் நேரம் உழைக்கச் சம்மதிப்பது தொழிலாளியின் சுதந்திரமாம்.

"அந்த நீதிபதியள் ஒருநாளாவது மா குழைச்சிருப்பினமோ?" என்று கத்தினாள் தக்சாயினி. குசினியில் பாத்திரங்கள் அன்று முழுக்க அவளிடம் அடி வாங்கின.

மறுநாள் வேலைக்குப் போனால், இராசலிங்கம் ஆளுக்கொரு தாளை நீட்டினார். நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்ய என் சொந்த விருப்பத்தில் சம்மதிக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது.

"நான் ஒருத்தரையும் வற்புறுத்தேல்லை, தங்கச்சி. உங்கட விருப்பம்தான்" என்றார்.

தக்சாயினிக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. மா படிந்த கையாலேயே தாளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கையெழுத்து வைக்க ஒரேயொரு கோடுதான் இருந்தது.

"அப்ப விருப்பமில்லாத ஆள் எதில அண்ணை கையெழுத்து வைக்கிறது?"