பதினோரு நாள் காத்திருந்த மையத்து

லிப்டுக்குள் வைத்துத்தான் ரூன் சொன்னான், தன் தாய் அன்று காலை இறந்துவிட்டதாக. நோர்வேயில் எங்கள் கீழ்வீட்டுக்காரன், என் வயதுதான். கையில் வெற்றுப் போத்தல்கள் நிறைந்த பை. நான் பதறிப்போய், “எத்தனை மணிக்கு அடக்கம்?” என்று கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தான். “அடுத்த கிழமை வெள்ளி. தம்பி அவுஸ்திரேலியாவிலிருந்து வரவேண்டுமே.” கதவு திறந்தது. போத்தல்கள் கிலுங்கப் போய்விட்டான். துக்கம் விசாரிக்க இவர்கள் சொல்லும் ‘கொண்டொலேரர்’ எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இறங்க மறந்து, லிப்டோடு திரும்பவும் மேலே போயிருந்தேன்.

பதினோரு நாள்! ஒரு மையத்து, குளிர் அறையில், தூரத்துப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறது. சட்டமும் சரி என்கிறது, பாதிரியாரும் சரி என்கிறார். எனக்கு இரக்கம் வரவில்லை. வயிறு எரிந்தது.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் என் உம்மா மௌத்தானது போன வருசம், ஒரு விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு. தம்பி போன் எடுத்தான்.

“காக்கா, இண்டைக்குப் பின்னேரம் அஸரோட அடக்கிறம்.”

“டேய், நாளைக்குப் பின்னேரம் வந்திருவன். ஒரு நாள் பொறுங்கடா.”

“மையத்தப் போட்டு வெக்கிறதா? கெதியா அனுப்புறதுதானே நம்மட கடம.”

“நான் மூத்தவன்டா!”

“ஓம், மூத்தவருதான். அப்ப நீங்க இஞ்ச இருந்திரிக்கணும்.”

மார்க்கப்படி அவன் சொன்னது சரி. அதனால்தான் இன்றுவரை அவனை மன்னிக்க முடியவில்லை. விமான நிலையத்தில் நான் இடுப்புப் பட்டியைக் கழற்றித் தட்டில் வைத்த நேரம், அவன் கபுறுக் குழிக்குள் இறங்கி, தலைமாட்டில் நின்று உம்மாவை ஏந்தியிருக்கிறான். இடையில் ஒரு விமானத்தைத் தவறவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடித்துச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்கள். “கத்தச் சோத்துக்கு மட்டும் சரியா வந்து எறங்கிட்டீங்க மச்சான்!” என்றான் என் மனைவியின் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். தம்பி சோறு பிசைந்துகொண்டிருந்தான். உம்மாவுக்கு மூன்று பிடி மண் போட்ட அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பசியென்று நினைத்து, இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு ரூனின் தம்பி சாவகாசமாக வந்திருந்தான். கோட்டு இஸ்திரி போடக்கூட நேரம் இருந்திருக்கிறது. குழியருகே பாதிரியார் சிறு மண்வெட்டியால் மூன்று முறை மண் போட்டார். மண்ணிலிருந்து வந்தாய், மண்ணாவாய், மண்ணிலிருந்தே எழுவாய் என்றார். எங்கள் மையவாடியில் பிடிக்குப் பிடி ஓதுவதும் இதே பொருள்தான். ஆனால் இங்கே பெற்ற பிள்ளைகள் இருவரும் கைகட்டி நின்றார்கள்! ஊதியத்துக்கு வந்த மனிதர் மண் போடுகிறார். அவர்மீதும் பொறாமை வந்தது.

“நானும் போடலாமா?” மண்ணைக் காட்டிக் கேட்டேன். ரூன் கண்கலங்கித் தலையாட்டி, ஒரு வெள்ளை ரோஜாவை என் கையில் தந்தான். போட்டேன்.

எல்லோரும் கோப்பி குடிக்க மண்டபத்துக்குப் போனார்கள். நான் பின்தங்கி, மண் குவியலை மூடியிருந்த பச்சைத் துணியை விலக்கினேன். எங்கள் ஊரின் மையவாடியில் கடல்மணல். அள்ளினால் விரலிடுக்கால் வழிந்துவிடும். இது கறுத்து, ஈரமாய், பிடித்த பிடியாகவே நின்றது. முதல் பிடி ரூனின் தாய்க்கு. இரண்டாவதும் அவளுக்கே. மூன்றாவதை உம்மாவுக்கென்று அள்ளினேன். இன்னொருத்தியின் குழிக்கு மேலே கை விரியவில்லை. வலது கையைப் பொத்தியபடியே நடந்தேன்.

மண்டப வாசலில் ரூன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக் கைகொடுத்துக்கொண்டிருந்தான். என் முறை வந்தது. வலது கையை நீட்டினான். நான், வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு மனிதனுக்கு இடது கையைக் கொடுத்தேன்.