லண்டனிலிருந்து வீடு வந்து சேர எவ்வளவு நேரம்?

லண்டனுக்குப் படிக்கப் புறப்படும் வாரம் முழுக்க அப்பா ஒரே கேள்வியைக் கேட்டு என்னைக் குடைந்தார்.

"தம்பி, பிளேன்ல எவ்ளோ நேரம்?"

கோலாலம்பூரிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பதினாலு மணி நேரம் என்று போனில் காட்டியே விளக்கினேன். தோட்டத்துக்குத் தேயிலைக் கொழுந்து வெட்டப் போகும்போதும் கேட்டார், வந்தும் கேட்டார்.

"திரும்பி வர்றதுக்கு?"

"அதேதான்ப்பா."

"கேஎல் ஏர்போர்ட்லருந்து நம்ம மலைக்கு மேல ஏறணுமே. லீவு நாள்னா கியா பார்ம் சந்தைகிட்ட கார் நகராது லா."

"இன்னும் போகவே இல்ல. அதுக்குள்ள வர்ற கணக்கு எதுக்குப்பா?" எரிந்து விழுந்தேன்.

அப்பா பூட்ஸைக் கழற்றியபடி சொன்னார்: "நீதான மூத்தவன், எனக்குக் கொள்ளி வைக்கணும். நீ வர்ற வரைக்கும் என்னைய எவ்ளோ நேரம் போட்டு வைக்கணும்னு உங்கம்மாகிட்ட சொல்லணும்ல."

"ஒன்றரை நாள் வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

எனக்கு எரிச்சல் தீரவில்லை. யார்மேல் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.