முத்திரை குத்தாத முதற்பதிப்பு

சென்ற கிழமை நம் ஊர்க் காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பேழையின் முன் நின்று வாய்விட்டுத் திட்டிவிட்டேன், நண்பரே. காவலர் ஓடிவந்தார். முதுமையில் பொது இடத்தில் கத்துவது அழகன்று என்று எனக்கும் தெரியும். ஆனால் பேழைக்குள் இருந்தது நானாவின் புத்தகம். தாள்களின் ஓரத்தில் ஒன்று மட்டும் கோணலாக அறுபட்டிருந்தது. அந்தக் கோணல் என் கைவேலை. அருகிலிருந்த அட்டையோ, வெள்ளையர் கிளப்பின் செயலராக இருந்த ஒரு துரையின் அன்பளிப்பு என்றது. அன்பளிப்பாம்!

அந்தத் தாளை அறுத்தது பாய்த்துணி வெட்டும் கத்தி. அதை நினைத்தாலே கீல் மணம் மூக்கில் ஏறுகிறது. துறைமுகத்தை ஒட்டிய சூலியா தெருவில் கயிறும் மரக்கலங்களுக்குப் பூசும் கீலும் பாய்த்துணியும் விற்ற மரைக்காயரை நாங்கள் எல்லோரும் நானா என்றே அழைப்போம். என் இருபது வயதுகளில் நான் அருகிலிருந்த கப்பல் ஏஜென்சியில் கணக்கெழுதும் கிராணி. நாலெழுத்து ஆங்கிலம் படித்த செருக்கில் நடையே மாறியிருந்தவன். மாலையில் அவருக்குப் புத்தகம் படித்துக் காட்டுவேன். கீழைக் கடல்களைத் தேடி வந்த வெள்ளையர் எழுதிய பயண நூல்களை அவர் சேர்த்துவந்தார். அவற்றிலும் முதற்பதிப்பை மட்டுமே தொடுவார்.

காரணம் இருந்தது. அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் மீகாமன். வெள்ளையர் கப்பல் ஒன்றை மணல்திட்டுகளுக்கிடையே நடத்தி இந்நீரிணையைக் கடத்திவிட்டவர். அக்கப்பலின் தலைவர் எழுதிய நூலின் முதற்பதிப்பில் அந்த மீகாமனின் பெயர் அச்சாகியிருப்பதாக அவர்கள் குடும்பத்தில் பேச்சு. எங்களுக்குப் படிக்க இரவலாகக் கிடைத்ததோ இரண்டாம் பதிப்பு. அதில், வழியை நானே கண்டேன் என்று தலைவர் எழுதியிருந்தார்.

"ரெண்டாம் அச்சுக்குள்ள அந்தக் கப்பித்தானுக்குப் பேரு வந்துடுச்சு தம்பி. பேரு வந்தவனுக்கு வழி சொன்னவன் எதுக்குலா?" என்பார் நானா.

தாய்நாடு திரும்பும் துரைமார் வீட்டுப் பொருள்களை ஏலமிடுவார்கள். ஏலம் என்ற நல்ல சொல் இருக்க, ஊரே லேலாங் என்றது. நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போனேன். நானா அங்கே புத்தகங்களைக் கண்ணெடுத்தும் பாரார். ஒருநாள் விரிசல்விட்ட பீங்கான் தொட்டி ஒன்றை விடாப்பிடியாகக் கேட்டார். அதனுள் பழைய நூல்கள் கொட்டிக் கிடந்தன.

"நானா, தொட்டி ஓட்டையா இருக்கு!"

"வாய மூடுலா. நீ புஸ்தகத்தப் பாக்குற பார்வையிலயே வெல ஏறிடும்."

தேடிய முதற்பதிப்பு அந்தத் தொட்டியில்தான் இருந்தது. அக்கால நூல்களில் தாள் மடிப்புகளை வாங்கியவரே அறுத்துத்தான் படிக்க வேண்டும். மடிப்புகள் அறுக்கப்படாமல், அச்சகத்தை விட்டு வந்த கோலத்தில் இருந்தது; உடைமையாளர் ஒருநாளும் படித்ததில்லை. வேண்டிய ஒரு மடிப்பை மட்டும் அறுக்க நானா இசைந்தார். பாய்த்துணிக் கத்தியால் அறுத்தேன்; வெட்டு கோணலாயிற்று. பெயர் இருந்தது, ஊரும் இருந்தது. படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு எதிரிலிருந்த தேநீர்க்கடையை நோக்கி, "காக்கா, தே மூணு!" என்றார். கடையில் நாங்கள் இருவரே இருந்தோம்.

முதல் தாளில் கடை முத்திரையைக் குத்திவையுங்கள் என்று மன்றாடினேன்.

"முத்திர குத்துனா அது முதல் அச்சா? நம்ம கடச் சரக்காயிடும்லா" என்று மறுத்துவிட்டார். தம் பெயரைக்கூட எழுதவில்லை.

செய்தி கிளப்புக்கு எட்டியது. செயலர் துரை தாமே கடைக்கு வந்தார். கடற்பயணக் கண்காட்சிக்கு இரவல் கேட்டார். சூலியா தெருவில் வாய்ச்சொல்லுக்கே சரக்குக் கைமாறும். நானா எடுத்துக் கொடுத்தார். கண்காட்சி முடிந்ததும் கிளப்புச் சேவகன் பளபளக்கும் ஒரு நூலைக் கொண்டுவந்தான். பழையது அழுக்காக இருந்ததாம்; துரை தம் நல்ல பிரதியை மாற்றாகத் தந்தாராம்; நன்றி கூற வேண்டியதில்லையாம். பிரித்தேன். இரண்டாம் பதிப்பு.

உடனே கிளப்புக்குப் போனோம். வாயிற்காவலர் தமிழர்தாம். "அண்ணே, பின்பக்கமாப் போங்க. முன்வாசல் தொரைங்களுக்கு" என்றார், எங்கள் முகத்தைப் பாராமல். பின்கட்டில் துரை எங்களை நிற்கவைத்து, "உன் பெயர் அதில் எழுதியிருக்கிறதா?" என்று சந்தை மலாயில் கேட்டார்.

"எம் பேரு இல்ல தொர," என்று தமிழிலேயே சொன்னார் நானா. "எங்க பாட்டன் பேரு இருக்கு. பக்கத்தத் திருப்பிப் பாருங்க."

நான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். துரை சிரித்தார். கதவு சாத்தப்பட்டது. அன்று நான் படித்த ஆங்கிலம் ஒரு கதவையும் திறக்கவில்லை. நானா அதன்பின் எந்த லேலாங்குக்கும் வரவில்லை.

கயிற்றுக்கடை இன்றில்லை, அங்கே இப்போது நாணயம் மாற்றுகிறார்கள். கீல் மணமும் போயிற்று. கிளப்பில் இன்று யாரும் முன்வாசலில் நுழையலாம். பேழையில் நூலை எப்படி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? கப்பல் தலைவரின் படத்தை விரித்து! பக்கத்தைத் திருப்புங்கள் என்று அலுவலரைக் கேட்டேன். "அதெல்லாம் முடியாதுலா அங்கிள், ரூல்ஸ்" என்றார் அந்த இளைஞர். குனிந்து பார்த்தேன். நான் அறுத்த மடிப்பைத் தவிர வேறொன்றும் இன்றுவரை அறுபடவில்லை. கவர்ந்தவரும் படிக்கவில்லை; காப்பவர்களும் படிக்கவில்லை.

படித்தவன் நான் ஒருவன் இருக்கிறேன். இரண்டாம் அச்சில் எடுத்துவிட்ட பெயரை இந்த அச்சிலே திருப்பி வைக்கிறேன்: மீகாமன் பக்கீர் லெப்பை, நாகூர்.