துடுப்பில் வைத்த காது

தேவாலயத்தில் ஆராதனையின் மௌன நேரத்தில், பக்கத்திலிருந்த, என் படகில் வேலை செய்யும் அந்தோனியிடம் மெல்லச் சொன்னேன்: "அந்த ஃபேன் நான் குடுத்தது."

"சும்மா இருங்க முதலாளி. அது ஆண்டவருக்கும் தெரியும்."

முகம் சுட்டது. மின்விசிறியின் இரைச்சலில் அப்பாவின் தோணி நினைவுக்கு வந்தது. துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் மேல்முனையில் காது வைத்து, அடியில் மீன்கூட்டம் இரைவதைக் கேட்பார். நான் ஓயாமல் கதைப்பேன்.

"வாய மூடுடா. நீ கதைச்சா அது எப்பிடிக் கேக்கும்?"

வீட்டில் செபமாலை முடிந்த பிறகும் அதேபோலத் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் இருப்பார். என்ன கேட்டார் என்று நான் விசாரித்ததேயில்லை.

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியும் இயந்திரப் படகுகள் வாங்கியவன் நான். அவரைப்போலத் தலையைச் சாய்த்துக் கண்களை மூடினேன். உள்ளே ஒரே ஒரு குரல்தான் கேட்டது. அது என்னுடையது: "அந்த ஃபேன் நான் குடுத்தது."