ஊசிக்காரம்மா நீட்டாத கை

முப்பத்தெட்டாவது சுற்று. தாழ்வாரத்தின் கோடியிலிருக்கும் சுவரைத் தொட்டுவிட்டு அதே வேகத்தில் திரும்புகிறார். ரத்தப் பரிசோதனைக் கூடம் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாங்கள், அவரைப் பார்க்கத் தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக் கழுத்து வலியையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம்.

"பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த வேகத்துல நடக்கணும்" என்பார் நிற்காமலே. எங்கே, பாடிக் காட்டுங்கள் என்று நான் சீண்டியபோது, "உங்க சர்க்கரைக்குப் பாட்டு வேறயா?" என்று ஒரே போடாகப் போட்டார்.

எல்லோருக்கும் அவர் ஊசிக்காரம்மா. வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடமாக ஊரார் ரத்தத்தை எடுக்கிறார். நரம்பைக் கண்ணால் தேட மாட்டார். விரல் நுனியால் தடவி, "இதோ ஒளிஞ்சிருக்கான் திருட்டுப்பய" என்பார். சொல்லி முடிப்பதற்குள் குப்பி நிறைந்துவிடும். யாராவது வலித்ததென்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

நடக்கத் தொடங்கியது, கூடப்பிறந்த அக்கா போன பிறகு. அக்காவின் ரத்தத்தை எடுத்ததே இவர்தான். நூறை ஒட்டி இருக்க வேண்டிய கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூறு. தினமும் பத்துப் பேருக்காவது அப்படியொரு எண்ணை அச்சடித்துக் கொடுத்துப் பழகியவருக்கு அது உறைக்கவில்லை. "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதான்க்கா, கொஞ்சம் நட" என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். அக்கா நடக்கவில்லை. இவரும் அப்புறம் கேட்கவில்லை. நாலாம் மாதம் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அதன்பிறகு தன் ரத்தத்தைப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது ஏறும் என்றார் டாக்டரம்மா. வேகமாக நடந்தால் தசைகள் ரத்தத்திலிருக்கும் கொழுப்பை எடுத்து எரிக்குமாம். ஆனால் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், ஆறு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு மாத்திரையை முடிவு செய்யலாம் என்றாராம். ஆறு எட்டாகி, எட்டு பத்தும் ஆயிற்று. ஊரார் கையையெல்லாம் குத்துகிறவர் தன் கையை நீட்டவில்லை.

"பயமா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். என் வாய்தான் சும்மா இருக்காதே.

என் கையில் பஞ்சை அழுத்தியபடி சொன்னார்: "குறையலன்னா நானும் அக்கா போன வழிதான். அதுகூடப் பரவாயில்ல சார். குறைஞ்சிருந்தா? அன்னிக்கே அவளைத் தரதரன்னு இழுத்துட்டுப் போய் நடக்க வச்சிருந்தா இன்னிக்கு இருந்திருப்பான்னு ஆயிடுமே. அதை எப்படி சார் தாங்குவேன்?"

பஞ்சை வாங்கி நானே அழுத்திக்கொண்டேன்.

போன வாரம் ஊழியர்களுக்கெல்லாம் கட்டாயப் பரிசோதனை. தப்ப வழியில்லை. மற்றவர்களைத் தொடவிடாமல், இடக்கையில் தானே குத்திக்கொண்டார். நான் என் முடிவுக்காகக் காத்திருந்தபோது அவருடைய தாளும் வந்தது. நூற்று எழுபத்தொன்று. நல்ல கொழுப்பும் ஏறியிருந்தது.

"பாத்தீங்களா! நடந்தது வீண் போகல. இன்னும் குறையணும், ஆனா வழி இதுதான்" என்று டாக்டரம்மா அவர் தோளைத் தட்டினார். வரிசையிலிருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

ஊசிக்காரம்மா அந்த எண்ணை ஒருமுறைதான் பார்த்தார். தாளை மேசைமேல் கவிழ்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.