கிரில் அடுப்பும் சட்டைப் பைக் காந்தமும்

போன சனிக்கிழமை ஒரு பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்பதற்காக ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தில்லை நகருக்கு ஆட்டோ. வழியெல்லாம் ஒத்திகை.

அவர் பெயர் செல்வி. சமையலறைச் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய ஷோரூமில் விற்பனையாளர். ஆறு மாதத்துக்கு முன் அவர் முடிக்கவிருந்த ஒரு வியாபாரத்தை நான் கெடுத்தேன். வேண்டுமென்றே அல்ல... ஆனால் நாலு பேர் கேட்கும்படி கெடுத்தேன்.

பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் சட்டைப் பைக் காந்தத்தைத் தெரியும். கல்லூரியில் பிசிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாத்திரக் கடையில் காந்தத்தை வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர். இதை இங்கேயே பெருமையாக எழுதியிருக்கிறேன். உங்களில் சிலர் படித்துவிட்டுக் காந்தம் வாங்கியதாகக் கடிதமும் போட்டீர்கள். அந்தக் கடிதங்களை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். என் மாப்பிள்ளைக்கு கேஸ் கிரில் மேல் ஆசை வந்தது. மூடி போட்ட பெரிய பெட்டி, உள்ளே நாலு பர்னர், மேலே கம்பி வலை. எங்கள் மொட்டை மாடியில் வைத்து பன்னீரும் சோளமும் சுடுவதாகத் திட்டம். அவர் வீட்டில் கோழி சாப்பிடுவார்கள். ஆனால் என் மனைவி முதலிலேயே சொல்லிவிட்டாள்: "மாடியில நின்னா கோபுரம் தெரியுது மாப்பிள்ளை. அன்னாசிப் பழம் வரைக்கும் சுட்டுக்கோங்க."

அந்த ஷோரூமில் அவர் ஆசைப்பட்ட கிரில்லின் விலை, ஒரு ஸ்கூட்டர் விலை. ஸ்கூட்டராவது சத்திரம் வரை கொண்டுபோய் விடும். இது எங்கே போகும்?

எனக்கு விலை அதிகமானால் சந்தேகமும் அதிகமாகும். செல்வி பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். தகட்டின் கனம், பர்னரின் தரம், பத்து வருடம் கழித்தும் ஸ்பேர் கிடைக்கும் என்ற உறுதி. நான் கேட்கவில்லை. காந்தத்தை எடுத்து மூடியின் ஓரத்தில் வைத்தேன்.

ஒட்டியது.

"இது டூப்ளிகேட்மா. இதுக்கா இந்த விலை?" என்றேன். வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல் எனக்கு. பக்கத்தில் முசிறியிலிருந்து வந்த ஒரு தம்பதி அதே கிரில்லுக்கு பில் போடச் சொல்லி நின்றிருந்தார்கள். அந்தக் கணவர் என்னைப் பார்த்தார், காந்தத்தைப் பார்த்தார், கையிலிருந்த கார்டை பர்ஸுக்குள் வைத்தார். செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர்கள் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

எனக்கு அன்று ஒரே பெருமை. வேறொரு கடையில் கால் பங்கு விலைக்கு ஒரு கிரில் வாங்கிக் கொடுத்தேன். அதில் எந்த இடத்திலும் காந்தம் ஒட்டவில்லை. "பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்றேன். "சரிங்க மாமா" என்றார். அந்த "சரிங்க"வில் சுரத்தே இல்லை. நான்தான் கவனிக்கவில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் கிரில் மேல் போட்டிருந்த கவரை எடுத்தால், தகடெங்கும் செம்புள்ளிகள். துடைத்துவிட்டுப் பற்றவைத்தோம். பர்னர் ஓட்டைகள் துருவில் அடைத்திருக்க வேண்டும். மேலே வர வேண்டிய தீ, தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் சிலிண்டரை மூடுவதற்குள் மாப்பிள்ளையின் கை ரோமம் முழங்கை வரை பொசுங்கிவிட்டது. நல்லவேளை, அதோடு போயிற்று. அவர் பன்னீர்த் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். என்னைத் திட்டியிருக்கலாம்.

உறையூரிலிருந்து ஆரோக்கியம் வந்து பிரித்துப் பார்த்தார். அடுப்பு ரிப்பேர் செய்பவர், அதற்கு முன் பாய்லர் வேலையில் பல வருடம் வெல்டர்.

"எதைப் பாத்து சார் இதை வாங்குனீங்க?"

காந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அந்தக் கடையில காந்தம் எங்க ஒட்டுச்சு? தட்டையிலயா, வளைவுலயா?"

"ஓரத்துல... வளைவுலதான்."

"நல்ல ஸ்டீலை வளைச்சா அந்த இடத்துல லேசா ஒட்டத்தான் சார் செய்யும். இந்தா இருக்கே உங்க அடுப்பு, இதுல காசை மிச்சம் பிடிக்க நிக்கலைக் குறைச்சுட்டு மாங்கனீஸைப் போட்டிருக்கான். இதுல காந்தம் ஒட்டாது, துரு மட்டும் ஒட்டும்." பிறகு என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்: "சார் பிசிக்ஸ் வாத்தியார்னு சொன்னீங்களேம்மா?"

காந்தவியல் நான் முப்பது வருடம் நடத்திய பாடம்.

அதனால்தான் சனிக்கிழமை தில்லை நகர். செல்வி என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அருகில் போய்த் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொல்லி, "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"அந்த முசிறிக்காரங்க, இங்க டூப்ளிகேட் விக்கிறாங்கன்னு ஊர்ல போய்ச் சொல்லிட்டாங்க சார்" என்றார். "முதலாளி என்னை சர்வீஸ் கவுன்ட்டர்ல போட்டுட்டார். நாலு மாசம் ரிப்பேர் மிக்ஸிக்கு டோக்கன் எழுதினேன். போன மாசம்தான் திரும்ப இங்க வந்தேன்."

மறுபடி மன்னிப்புக் கேட்டேன், அதே தாழ்ந்த குரலில்.

"அன்னைக்கு கடை முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னீங்க. இன்னைக்கு என் காதுல மட்டும் சொல்றீங்களே சார்."

நியாயம்தானே? அதே கிரில் முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். தொண்டையைக் கனைத்தேன். அத்தனை வருடம் வகுப்பெடுத்த குரல், மன்னிப்புக்கு மட்டும் எழும்பவில்லை. இரண்டாவது முறைதான் வந்தது.

"நான் பிசிக்ஸ் வாத்தியாருங்க. இதே அடுப்பை ஆறு மாசம் முன்னாடி டூப்ளிகேட்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு. இது நல்ல ஸ்டீல்."

அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான்.

"நீங்க இந்தக் கடையில என்னவா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லைங்க. கஸ்டமர்தான்."

"இந்த அடுப்பை வாங்கினீங்களா?"

"வாங்கலை..."

அவர் மனைவி அவர் கையைப் பிடித்து நகர்த்தினார். "வாங்க, வேற கடை பாப்போம். ஆள் வெச்சுப் பேச விடுறாங்க."

போய்விட்டார்கள்.

செல்வி என் பக்கம் திரும்பினார். "நீங்க திட்டினாலும் போயிடறாங்க, புகழ்ந்தாலும் போயிடறாங்க சார்" என்றார். பிறகு கையை நீட்டினார். "அந்தக் காந்தத்தைக் கொடுத்துட்டுப் போங்க. வர்றவங்க கையில நானே கொடுத்துடறேன். எங்க ஒட்டும், எங்க ஒட்டாது, ஏன்னு முதல்லயே சொல்லிடறேன்."

கொடுத்துவிட்டேன். பை லேசாக இருக்கிறது.

சரி, அந்த விலை தகுமா? வாராவாரம் சுடுகிற வீடு என்றால் தகும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். கனமான பர்னருக்கும், கேட்கும்போது கிடைக்கிற ஸ்பேருக்கும் கொடுக்கிற பணம் வீணில்லை. வருடத்துக்கு நாலு தடவை என்றால் இரும்பு தோசைக்கல்லே போதும். அந்த கிரில்லின் திருகுக்குள் அழகுக்காக எரியும் நீல லைட்டுக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்களே, அதை இன்னமும் நான் நம்பவில்லை. மாப்பிள்ளையோ, "விடுங்க மாமா, ஓட்டல்ல சாப்பிட்டுக்கலாம்" என்கிறார்.

நியாயமாக, அந்தக் கடையின் பெயரை நான் இங்கே எழுத வேண்டும். எழுதினால் எனக்கு அவர்கள் ஏதோ கொடுத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள் — நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.