லுசேரோவின் ஏப்பம்

2017ஆம் ஆண்டின் கோடையில், தூங்குமூஞ்சி மரங்கள் நெற்றுகளை உதிர்க்கத் தொடங்கும் பிப்ரவரி மாதத்தில், எவர்லீதெஸ் தோரியாவை முதன்முதலாகச் சந்தித்தேன். சினு ஆற்றங்கரையில் பத்துக் கறவை மாடுகளை வைத்துப் பாலும் பாலாடைக்கட்டியும் விற்றுவந்த அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மோந்தேரியா நகரத்துக் கால்நடை ஆய்வாளர் மர்லேனிஸ் அவளுடைய தொழுவத்தில் ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார். அன்றாடம் நடப்பதைப் பிழையின்றி எழுதி வைக்க ஒருவர் தேவைப்பட்டதால், பள்ளிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றிருந்த என்னை அழைத்தார்.

அசைபோடும் மாடு ஏப்பத்தோடு மீத்தேன் வாயுவையும் வெளிவிடுகிறது. காற்றில் கலந்து வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. தூங்குமூஞ்சி நெற்றை அரைத்துத் தீவனத்தில் கலந்தால் அது குறைகிறதா என்பதே சோதனை. ஐந்து மாடுகளுக்கு நெற்று மாவு. மற்ற ஐந்துக்கும் புல் மட்டும். இரண்டு மாதங்களுக்குப் பிறகு, மூக்கருகே குழாய் பொருத்தி, கழுத்தில் மாட்டிய குப்பியில் மூச்சுக்காற்றைப் பிடிப்பார்கள்.

“மாட்டோட ஏப்பத்துக்கே குப்பி வேணும்னா, எங்க வீட்டுக்காரருக்குப் பீப்பாய்தான் கட்டணும், டாக்டர்” என்றாள் எவர்லீதெஸ்.

“நீ சமைக்கிற சாப்பாட்டுக்கு ஏப்பம் வேற வருமாக்கும்” என்று வலை ஊஞ்சலில் கிடந்தபடியே அவள் கணவர் பதில் சொன்னார்.

அவள் வேடிக்கையாகப் பேசினாலும், அந்தச் சோதனை அவளுக்கு வேடிக்கையன்று. அவளுடைய மாடுகள் கோடையில் உயிர் தரித்ததே வேலியோரத்து மூன்று தூங்குமூஞ்சி மரங்களால்தான். மரங்களோ பக்கத்துப் பண்ணைக்காரரான தொன் ஆர்னுல்ஃபோவுக்கு உரியவை. ஈஸ்டர் முடிந்ததும் அவற்றை வெட்டி மரக்கடைக்கு அனுப்ப அவர் முடிவு செய்திருந்தார். நெற்றுக்குப் பலன் இருப்பதாகச் சோதனை காட்டினால், பால் கொள்முதல் நிலையம் அதை மரத்துக்காரர்களிடம் மூட்டை மூட்டையாக வாங்கிக்கொள்ளும் என்ற பேச்சு எழுந்த பிறகே சற்றுப் பொறுத்திருந்தார்.

கறக்கும் வேளையில் மாட்டைப் பெயர் சொல்லிப் பாடி அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அழைத்து வந்த மாட்டுக்கு ஒரு கைப்பிடியேனும் ஏதாவது தர வேண்டும். வெறுங்கையோடு அழைப்பவரைப் பொய்யர் என்பார்கள். புல் மட்டும் தின்ன வேண்டிய ஐந்துக்கும் ஆய்வாளர் உப்பை அனுமதித்திருந்தார். நான்கு மாடுகள் நக்கிக்கொண்டன. ஏழாம் எண் பெற்ற லுசேரோ, நெற்றியில் வெள்ளைச் சுட்டியுள்ள கிழப் பசு, உப்பை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது, பாலையும் அடக்கிக்கொண்டது. இரண்டே நாளில் அது மீண்டும் ஒழுங்காகக் கறந்தது. நான் அதையும் குறித்தேன். காரணத்தைக் கேட்கத் தவறினேன்.

ஏப்ரலில் முடிவுகளோடு வந்த மர்லேனிஸின் முகம் வாடியிருந்தது.

“நெற்று தின்ன மாடுங்களுக்கு வாயு குறைஞ்சிருக்கு. ஆனா தின்னாத ஏழாம் நம்பருக்கும் அதே அளவு குறைஞ்சிருக்கே. அப்புறம் நெற்றாலதான் குறைஞ்சுதுன்னு நான் எப்படி எழுதறது?”

எவர்லீதெஸ் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள்; நெடுநேரம் துடைத்தாள்.

“அது தின்னாம இல்ல, டாக்டர். தினமும் ரெண்டு வேளையும் என் பாவாடைப் பையிலேருந்து அள்ளிக் குடுத்தேன்.”

“எவர்லீதெஸ், மூணு மாச வேலை.”

“பேரைச் சொல்லிக் கூப்பிடறேன், அது நம்பி வருது. வெறுங்கையக் காட்டச் சொல்றீங்களா? ஒரு மாடுதானேன்னு நெனச்சேன். என் மரத்தை நானே வெட்டிட்டேன்.”

மர்லேனிஸ் அவளைத் திட்டவில்லை. அடுத்த கோடையில் சோதனையை முதலிலிருந்து நடத்த வேண்டும் என்று மட்டும் சொன்னார். அன்று பிற்பகலே எவர்லீதெஸ் ஒரு பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தொன் ஆர்னுல்ஃபோவிடம் போனாள். நானும் உடன் சென்றேன்.

“ஒரு வருஷம் பொறுங்க, தொன் ஆர்னுல்ஃபோ. தப்பு என்னோடது, மரத்தோடது இல்ல.”

“பாலாடைக்கட்டிக்கு மூணு மரமா?” என்றார் அவர். பிறகு, “ஒண்ணை வெட்டறேன். ரெண்டு நிக்கட்டும். அடுத்த ஈஸ்டர் வரைக்கும்தான்” என்றார்.

அடுத்த ஆண்டு அதே ஐந்து மாடுகளுக்குத்தான் புல் மட்டும். சோதனை தொடங்கிய நாளில் எவர்லீதெஸ் நெற்று அறையின் சாவியை என்னிடம் கொடுத்தாள். “நானே கேட்டாலும் குடுக்காதீங்க, டீச்சர்.” தன் பையையும் தைத்து மூடிவிட்டாள். லுசேரோவை அவள் பெயர் சொல்லி அழைக்கவில்லை; கயிற்றைப் பிடித்து அழைத்து வந்தாள். கோடை முழுவதும் அது அரைச் சொம்பு பால்தான் கறந்தது.

மார்ச் மாதத்தில் அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்தது. சாவியை அவள் ஒருமுறையும் கேட்கவில்லை. அந்தச் சோதனை செம்மையாக முடிந்தது; நெற்று தின்ற ஐந்துக்கும் வாயு குறைந்திருந்தது, தின்னாத ஐந்துக்கும் குறையவில்லை. இரண்டு மரங்களும் இன்றும் நிற்கின்றன. அவள் அதை அறியவில்லை.

மருத்துவமனையில் அவளை நான் கடைசியாகப் பார்த்தபோது, சோதனை முடியப் பதினொரு நாள்கள் எஞ்சியிருந்தன. மூச்சு வாங்க, அந்த நாள்களை விரல்விட்டு எண்ணினாள்.

“பன்னெண்டாம் நாள் காலையில அறையைத் திறங்க, டீச்சர். ரெண்டு கை நெறைய அள்ளிக்கிட்டுப் போய், லுசேரோவைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”